விளம்பரம் இல்லாமல் இருபத்திரண்டு நிமிஷம்

மார்ச் 9

அன்புள்ள பியூஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறைவில்லை. உன் வயிறு எப்படி, முதுகு எப்படி, தூக்கம் எப்படி என்று தனித்தனியாக எழுது. மொத்தமாக நலம் என்று எழுதினால் அம்மா நம்ப மாட்டாள்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது எட்டாம் வகுப்புப் பரீட்சையில். விடுமுறையில் சென்ற இடத்தைப் பற்றி நண்பனுக்கு. போகாத இடத்தைப் பற்றி எழுதிப் பத்துக்கு மூன்று வாங்கினேன். அதற்கப்புறம் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவனை யார் கடிதம் எழுதச் சொன்னார்கள்? இப்போது எழுதக் காரணம், வாரத்துக்கு ஒருமுறை நீ பேசுகிற ஐந்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் அம்மா அழுகிறாள். மீதி ஒரு நிமிஷம் நான் ஹலோ ஹலோ என்கிறேன்.

சிறைக்குள் வரும் கடிதத்தை ஓர் அதிகாரி படித்துவிட்டுத்தான் கொடுப்பாராம். படிக்கிற ஐயாவுக்கு என் வணக்கம். பிழை இருந்தால் திருத்திக் கொடுத்துவிடுங்கள், பையன் படித்தவன், சிரிப்பான். சின்ன வயதில் வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டு பியூஸைப் போக்கினவன், அதனால்தான் இந்தப் பெயர். ரகசிய வார்த்தை எல்லாம் இல்லை.

வக்கீலைப் பார்த்தேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மதியம் ஒன்றிலிருந்து ஒன்பது மணி வரை வேலை, எட்டு மணித் தொடரைப் பார்க்க முடியாது என்றேன். அதனால் அது டிவியின் செட்டாப் பெட்டியில் பதிவாகி, விளம்பரமெல்லாம் வெட்டுப்பட்டு, இருபத்திரண்டு நிமிஷமாக அவள் போனுக்குப் போனது. மறுநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் பார்ப்பாள். பஸ்ஸும் இருபத்திரண்டு நிமிஷம்தான். சலவைப் பிரிவில் மற்றவர்களும் கேட்க, நீ இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டாய். பிறகு ஊர் பேர் தெரியாத நாற்பதாயிரம் பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"சார், குழாய்ல வர்ற தண்ணிக்கு மாசாமாசம் காசு கட்டுறேன். குடத்துல புடிச்சு பக்கத்து வீட்டுக்கு ஒரு குடம் குடுத்தா குத்தமா?" என்று கேட்டேன்.

"புடிச்சு வெச்சு நீங்க குடிங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா நீங்க குடமா குடுத்தீங்க? ஊருக்கே பைப்பு போட்டீங்க."

நீங்க என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் உடனே "உங்க பையனைச் சொல்றேன்" என்று திருத்திக்கொண்டார். பதிப்புரிமை என்றால் புத்தகம் போடுகிறவர்கள் சமாசாரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். டிவி நிறுவனத்தின் விளம்பரத்தை வெட்டிவிட்டு, உன் பக்கத்தில் வேறு விளம்பரத்தை ஓடவிட்டதுதான் பெரிய குற்றமாம். "ஆரம்பத்துல நன்றின்னு அவங்க பேரைப் போட்டிருந்தோமே சார்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

அம்மா கேட்கச் சொன்னாள்: போர்வை கொடுத்தார்களா?

இப்படிக்கு,
பத்துக்கு மூன்று வாங்கிய அப்பா


மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வயிறு பரவாயில்லை. முதுகு அப்படியேதான். தூக்கம் உண்டு. போர்வை கொடுத்தார்கள்.

ஜாமீன் இந்த முறையும் இல்லை. நிறுவனம் இரண்டு தடவை எச்சரிக்கை அனுப்பியும் நான் பக்கத்தின் பெயரை மட்டும் மாற்றி நடத்தினேன் என்பதால் நீதிபதிக்குக் கோபம். அது நியாயம்தான்.

அப்பா, ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தது, வெட்டியது, இணையத்தில் போட்டது எல்லாம் நான். உங்களுக்கு ரிமோட்டில் சத்தம் கூட்டக்கூட வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள். வக்கீலிடமும். பெட்டியைப் பற்றி யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.

அம்மாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்


ஏப்ரல் 16

அன்புள்ள பியூஸுக்கு,

வீட்டில் சுகம். அம்மா மாத்திரை போடுகிறாள், எண்ணிப் பார்க்கிறேன்.

எனக்கா ரிமோட் வராது? முப்பத்தாறு வரிப்பள்ளம் உள்ள மோட்டாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு காயில் இறக்குகிறவன் நான். சரி. வராது. படிக்கிற ஐயா, எனக்கு ரிமோட் வராது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் ஆறு மணி நேரம் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன்னைப் பத்து நிமிஷம் பார்த்தேன். உன்னிடம் ஒரு விஷயம் சொல்வதற்காகத்தான் வந்தேன். வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உன்னைப் பார்த்ததும் தலைக்கு மேலே ஓடின மின்விசிறியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். என்ன செய்வது, அது முனகுகிற முனகலில் காயில் சூடாகிறது என்று தெரிகிறதே. வெளியே வரும்போது காவலரிடம் சொன்னேன். "சார், அந்த ஃபேன் இன்னும் பத்து நாள்தான். இப்பவே கழட்டிடுங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களை யாராவது கேட்டாங்களா பெரியவரே?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. எங்கே எது பழுதானாலும் போய்ச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தை மட்டும் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

சொல்ல வந்ததை அப்புறம் எழுதுகிறேன்.

ஃபேன் பார்த்த அப்பா


மே 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. உங்களுக்குச் சளி என்று அம்மா போனில் சொன்னாள். வெந்நீர் குடியுங்கள்.

ஒன்பதாம் நாள் அந்த மின்விசிறி புகைந்துவிட்டது. உன் அப்பா என்ன ஜோசியரா என்று காவலர் கேட்டார்.

ஜூலை பதினேழாம் தேதி விசாரணை. நீங்கள் வர வேண்டாம். தவறி வந்தாலும் வாயைத் திறக்க வேண்டாம், இருமக்கூட வேண்டாம். சளி குணமாகாவிட்டால் அதுவே நல்ல காரணம். என்னிடம் ஏதோ சொல்ல வந்ததாக எழுதியிருந்தீர்கள். எதுவானாலும் நான் வெளியே வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். அவசரம் இல்லை.

உங்கள் மகன்


ஜூன் 2

அன்புள்ள பியூஸுக்கு,

சளி போய்விட்டது, நானும் அம்மாவும் சுகம். உன் முதுகுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், உள்ளே விடமாட்டார்களாம். பக்கத்துக்கு எண் போட்டிருக்கிறேன், மாறிவிடக் கூடாது. வீட்டுச் சேதி எல்லாம் இரண்டாம் பக்கத்தோடு முடிந்தது.

இது மூன்றாம் பக்கம். படிக்கிற ஐயா, இதை நிதானமாகப் படியுங்கள்.

தொடர் ஓடும்போது திரையில் எங்கிருந்தோ ஓர் எண் வரும். பன்னிரண்டு இலக்கம். இரண்டு நொடி இருந்து மறையும். ஒரு நாள் மூலையில் வரும், ஒரு நாள் கதாநாயகியின் மூக்கு மேலேயே வரும். பெட்டியில் ஏதோ பழுது என்று நினைத்தேன். நீ தினமும் வேலை முடிந்து வந்து, நான் பதிவு செய்து வெட்டி வைத்ததில் அந்த எண் வருகிற இடத்தைத் தேடித் தேடிக் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பாய். ஏன்டா என்றால் "அசிங்கமா இருக்குப்பா" என்பாய். முக்கால் மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பாய். உன் முதுகுவலி அதில் வந்ததுதான்.

உனக்கு அந்த வேலை மிச்சமாகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். ஜனவரியில் ஒரு நாள் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் சொன்னது. நம் பேச்சையும் பதிவு செய்கிறார்களே என்று காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"நம்பர் ஒண்ணு வந்து வந்து போகுதும்மா. பதிவு பண்றப்ப நடுவுல விழுது. அதை மறைக்கவே என் பையன் தினம் முக்கா மணி நேரம் முதுகொடியறான். நெட்டுல நாப்பதாயிரம் பேர் பாக்குறாங்க, அவங்களுக்கும் சங்கடம் பாருங்க."

போனில் பேசிய பெண் ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னாள். பிறகு, "எந்தப் பக்கத்துல ஐயா?" என்று கேட்டாள். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பவும் சொன்னேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள். "ஒண்ணும் வேணாம்மா, நல்லா இரு" என்றேன்.

அது பழுது இல்லை, எந்த வீட்டுப் பெட்டி என்று காட்டுகிற அடையாளம் என்று வக்கீல் சொல்லித்தான் தெரியும். நீ அழகுக்காக மறைக்கவில்லை என்பதும், தெரிந்தே செய்தாய் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதற்கு நீ வெளியே வந்ததும் ஒன்று வைக்கிறேன். ஆனால் உன்னைப் பிடித்துக் கொடுத்தது நான்.

அந்தப் பேச்சின் பதிவு அவர்களிடம் இருக்கிறது. கைதான அன்றே உனக்குப் போட்டுக் காட்டினார்களாம். கேட்டுவிட்டு, அது என் குரல்தான், கிழவன் மாதிரி மாற்றிப் பேசினேன் என்று நீ எழுதிக் கொடுத்தாயாம். வக்கீல் வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஏன்டா, "என் பையன்" என்று அதில் வருகிறதே. உனக்குக் கல்யாணமே ஆகவில்லையேடா.

அப்பா


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் ஜூன் இரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. முதல் இரண்டு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கம் வந்து சேரவில்லை. வழியில் எங்கோ விழுந்துவிட்டது போல. திரும்ப எழுத வேண்டாம். யாரிடமும் வாயால் சொல்லவும் வேண்டாம்.

அம்மா எப்படி இருக்கிறாள்?

உங்கள் மகன்


ஜூலை 9

அன்புள்ள பியூஸுக்கு,

இங்கே சுகம். மூன்றாம் பக்கம் வராதது பற்றி வருத்தமில்லை. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கம் நிறைய வேண்டுமே என்று எழுதினேன்.

அதை அம்மாவிடம் வாயால் சொன்னேன். உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே சொல்லிவிட்டேன், அதனால் சொல் மீறியதாக ஆகாது. அவள் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கிற வரை இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்திருந்ததில் தோளில் பழுப்பாக ஒரு தடம் விழுந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "கோர்ட்டு என்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வேறு சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

பதினேழாம் தேதி அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் வருகிறேன். சும்மா உன்னைப் பார்க்கத்தான். சளியும் இல்லை.

அப்பா


ஆகஸ்ட் 14

பியூஸோட அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ மாத்திரை போடுகிறாயா? இனி எண்ணிப் பார்க்க ஆளில்லை என்று ஏமாற்றாதே.

அன்றைக்கு என்னதான் நடந்தது என்று கேட்டனுப்பியிருந்தாய். பின் வரிசையில்தான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் நான் உண்டு என் செருப்பு உண்டு என்று இருந்தேன். அப்புறம் அந்தப் பதிவைப் போட்டார்கள். பெரிய ஒலிபெருக்கி. என் குரல் இவ்வளவு கொச்சையாக இருக்கும் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. "நல்லா இரு" என்று நான் சொன்ன இடத்தில் யாரோ சிரித்தார்கள்.

நீதிபதி அவனைப் பார்த்து, இது யார் குரல் என்றார். "என்னுதுதான்" என்றான். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அந்த மெலிந்த கழுத்தோடு நிமிர்ந்து நின்று சொன்னான். நான் எழுந்தது எனக்கே தெரியாது.

"பொய் சொல்றான் ஐயா."

அவ்வளவுதான் சொன்னேன். அதே குரல். கூடத்தில் எல்லோரும் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் போய் அந்த இடத்தில் நின்றால் அவனை வெளியே விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பழைய பேரிங்கைக் கொடுத்துப் புதியதை வாங்குகிற மாதிரி. வக்கீல் காரிடாரில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "மாத்திக்க முடியாதுய்யா. சேத்துக்கத்தான் முடியும்" என்றார். பதிவு செய்தவன் ஒரு குற்றவாளி, பரப்பினவன் ஒரு குற்றவாளியாம். அவன் இல்லாததைச் சொன்னதும் இப்போது அவன் தலையில். என்னையும் அன்றே உள்ளே போட்டுவிட்டார்கள்.

வாசற்கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும். கீழ்ப்பக்கம் காலால் தள்ளித் திற.

உன் வீட்டுக்காரன்


செப்டம்பர் 20

பியூஸ் அப்பாவுக்கு,

எனக்கு எழுத வராது. மாத்திரை போடுகிறேன். கதவு திறக்கிறது.

பெட்டியைப் போலீஸ் எடுத்துப் போனதால் டிவியில் ஒன்றும் தெரியாது. சலவைப் பிரிவில் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவர்கள் போனையும் போலீஸ் வாங்கிப் பார்த்ததாம். அவர்கள் மேல் தப்பில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காருகிறேன். இருபத்திரண்டு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. கதையில் அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போனாளா இல்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

உங்கள் இரண்டு பேர் சட்டையும் மடித்து வைத்திருக்கிறேன். அந்தப் பழுப்புத் தடம் போகவில்லை.

அவனுக்கும் எழுதினேன். பதில் இல்லை.


டிசம்பர் 5

அன்புள்ள பியூஸுக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று நூறு கெஜ தூரத்திலிருந்து கேட்கிறேன். ஒரே வழக்கில் வந்தவர்களை ஒன்றாக வைக்கமாட்டார்களாம். அதனால் இந்தக் கடிதம் என் கட்டடத்திலிருந்து அலுவலக மேசைக்குப் போய், அங்கிருந்து உன் கட்டடத்துக்கு வரும். படிக்கிற ஐயாவுக்கு இப்போது இரட்டை வேலை. மன்னிக்கணும் ஐயா.

உனக்கு இரண்டரை வருஷம், எனக்குப் பத்து மாதம். அதில் உன்னுடைய அரை வருஷம், நான் எழுந்து நின்றதால் வந்தது என்று வக்கீல் சொன்னார். ஜனவரியில் ஒரு தடவை வாயைத் திறந்தேன், ஜூலையில் ஒரு தடவை. இரண்டு தடவையும் உனக்கு நல்லது செய்யத்தான்.

எனக்கு இங்கே பட்டறையில் வேலை. முதலில் கொடுத்தது பார்வையாளர் கூடத்து மின்விசிறி. புதுக் காயில் போட்டுவிட்டேன், முனகவில்லை. செவ்வாய்க்கிழமை நீ மைதானத்தில் போனதைப் பட்டறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்து நடக்கிறாய். முதுகைக் காட்டு, மருத்துவரிடம் சொல்.

எங்கள் கட்டடத்துக் கூடத்தில் ஒரு டிவி இருக்கிறது. எட்டு மணிக்கு அதே தொடர். போன வாரம் திரை நடுவில் அந்த மாதிரி எண் ஒன்று வந்து மறைந்தது. பக்கத்தில் இருந்தவன், "பெரியவரே, அது என்ன நம்பரு?" என்றான். "தெரியலப்பா" என்றேன். இந்த ஒரு வார்த்தையை ஒரு வருஷம் முன்னால் கற்றுக்கொள்ளாமல் போனேன்.

அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அதை அம்மாவுக்கு எழுதினேன். யார் என்ன சொன்னார்கள், எங்கே அழுதாள், எந்தக் கதவைச் சாத்தினாள் என்று ஏழு பக்கம் வந்துவிட்டது. கொடுக்கும்போது பயம் வந்து, படிக்கிற ஐயாவிடமே கேட்டேன். "டிவில பாத்ததை எழுதி அனுப்புறது குத்தமா சார்?"

அவர் யோசித்தார். "ஒருத்தருக்குத்தானே?"

"ஒருத்தருக்குத்தான் சார்."

ஏழு பக்கத்தையும் புரட்டினார். "விளம்பரம் எழுதலையா?"

"அவளுக்கு பஸ்ல இருபத்திரண்டு நிமிஷம்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. முத்திரை குத்தி அனுப்பினார். வாரா வாரம் எழுதுகிறேன். பஸ்ஸில் படிப்பதாக அம்மா எழுதியிருக்கிறாள். உன் முதுகைப் பற்றிக் கேட்கிறாள்.

ஜூலைக்கு அப்புறம் உனக்கு நாலு கடிதம் போட்டேன். எதற்கும் பதில் இல்லை. பக்கங்கள் வந்து சேரவில்லை போல. வழியில் விழுவதுதானே. இதுவும் வந்து சேராவிட்டால் பரவாயில்லை, திரும்ப எழுதுகிறேன்.

அப்பா